வரிசையின் நடுவில் நிற்பவருக்கு ஒரு வார்த்தை

திருவிழா என்றதும் நம்மில் பலருக்குத் தேரும் காவடியும் கரகமும் புதுச்சேலையும் பிள்ளைகளின் கையில் ஆடும் பலூனும் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு நைலோன் கயிறு. அந்தக் கயிறு என் இரண்டு உள்ளங்கைகளிலும் போட்ட சிவந்த கோடுகள் ஆறுவதற்கு ஒரு வாரம் ஆனது. அந்தக் கோடுகள் எனக்குச் சொல்லித் தந்ததைத்தான் சகோதரிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அது 2015ஆம் ஆண்டு சித்திரை மாதம். பேராதனையில் சமூகவியல் படித்து முடித்துவிட்டு, ஹற்றனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் பெண்களோடு வேலை செய்யத் தொடங்கி எனக்கு இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அவற்றில் ஒரு தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

மலையகத் தோட்டத் திருவிழாவைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே தேர் கோயிலைச் சுற்றி வருவதோடு நின்றுவிடாது. மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று ஒவ்வொரு லயத்துக்கும் அம்மன் போவாள். ஒவ்வொரு லயத்து வாசலிலும் வாழை கட்டி, கோலம் போட்டு, அர்ச்சனைத் தட்டோடு காத்திருப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் புறப்படும் தேர் கோயிலுக்குத் திரும்பும்போது விடிந்துவிடுவதும் உண்டு. பாதை ஒடுக்கமானது. ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் கானும் பள்ளமும். இருட்டு, பனி, தப்புச் சத்தம், ஜெனரேற்றர் வெளிச்சம். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும் அன்று ஊருக்கு வந்துவிடுவதால் ஒரு சிறிய தோட்டத்திலேயே சனம் நெருங்கி நிற்கும்.

அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். பல தோட்டங்களில் கோயில் சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. ஆகவே கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பும் அந்தத் தேரில் இருக்கிறது. ஆனால் கோயில் கமிட்டியில் பெண் இல்லை. கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர்களிலும் பெண் இல்லை.

திருவிழாவுக்கு முன் நடந்த எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு இளம் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “மிஸ், சாமி கும்பிடப் போறதுக்கே பயமா இருக்கு. நெரிசல்ல யாரு கை படுதுன்னே தெரியாது.” அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் தலையசைத்தார்கள். பெண்கள் பக்கத்துக்குப் பெண் தொண்டர்களையே நிறுத்தலாம் என்று கமிட்டியிடம் கேட்கத் தீர்மானித்தோம்.

“பொம்பளைங்க ராத்திரியில எப்படிங்க நிப்பாங்க?” என்றார் கமிட்டிப் பெரியவர்.

எங்களோடு வந்திருந்த, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. “ராத்திரி பூராவும் நின்னுதானே சாமி கும்புடுறோம்? நிக்கிற கையில ஒரு கயித்தையும் புடிச்சா என்னா கொறஞ்சு போச்சு?” என்றார். சிரிப்போடு அனுமதி கிடைத்தது.

பழைய மஞ்சள் சேலை ஒன்றைக் கிழித்துக் கையில் கட்டிக்கொண்டோம். ஏழு பேர். ஆளுக்கொரு விசில். இரவல் வாங்கிய ஒலிபெருக்கி ஒன்று. எங்களுடைய பயிற்சி அவ்வளவுதான்.

நள்ளிரவு தாண்டித் தேர் கோயிலுக்குத் திரும்பியது. எங்கள் கோயிலுக்குப் போவதற்குச் சரிவில் வெட்டிய கல் படிகள் உண்டு. படிகளின் முடிவில் வாசல். உள்ளே இடமில்லை என்று கண்டதும் நான் வாசலுக்குக் குறுக்கே கயிற்றைப் பிடித்தேன். விசில் ஊதினேன். “தள்ளாதீங்க! தள்ளாதீங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். சனம் நிற்கவில்லை. கயிறு என் கையை அறுத்துக்கொண்டு நகர்ந்தது. முன்வரிசையில் நின்ற ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் பக்கவாட்டுக் கல்கட்டோடு நசுங்குவதைப் பார்த்தேன். அவருடைய வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கட்டின் மேல் நின்ற இரண்டு பெண்கள் அவருடைய அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்துவிட்டார்கள்.

மறுநாள் வைத்தியசாலையில் பரிசோதித்து, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அந்தத் திறந்த வாயை என்னால் மறக்க முடியவில்லை. கமிட்டி எங்களைக் குறை சொல்லவில்லை. “சனம் சொன்னாக் கேக்காதுங்க மிஸ்” என்று ஆறுதல் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். பல்கலைக்கழகத்தில் எமில் துர்க்கைம் என்ற சமூகவியலாளரைப் படித்திருந்தேன். சடங்கில் கூடும் மக்கள் தனித்தனி ஆட்களாக இல்லாமல் ஒரே உணர்ச்சிப் பெருக்கில் கலந்துவிடுகிறார்கள் என்று 1912இல் எழுதியவர் அவர். கூட்டம் ஒரு பெரிய மிருகம், அதற்குக் காது இல்லை என்று நானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

அந்த முடிவைத் திருத்தியவர் ஓர் அக்கா. தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது இதே தோட்டத்தில். 1983 கலவரத்துக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின அல்லவா? சிறுமியாக இருந்த அக்காவும் தாய் தகப்பனோடு அப்படித்தான் போனார். காடு வெட்டி, கிணறு தோண்டி, கலியாணம் முடித்து, பிள்ளைகளைப் பெற்று அங்கேயே வாழ்ந்தார். 2009இல் கணவரை இழந்தார். முகாமில் இருந்துவிட்டு, பிறகு இரண்டு பிள்ளைகளோடு சிறிய தாயாரின் லயக் காம்பராவுக்குத் திரும்பி வந்தார். அன்றிரவு அவரும் அந்தப் படிகளில் நின்றிருக்கிறார்.

நான் அவருடைய இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, என் கையிலிருந்த கோடுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மிஸ், தள்ளாதீங்க தள்ளாதீங்கன்னு நீங்க கத்தினது முன்னுக்கு நின்ன எங்களுக்குத்தான் கேட்டிச்சு. நாங்க தள்ளவே இல்லியே. எங்களையும் தள்ளிக்கிட்டுத்தான் இருந்தாங்க. தள்ளினவங்க அங்கன கீழ, ரோட்டுல. கதவு அடைச்சது அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஏன் தள்ளப் போறாங்க?”

நான் பதில் பேசவில்லை. அவர் தொடர்ந்தார். “முகாமுல தண்ணிக்கு நிப்போம், சாப்பாட்டுக்கு நிப்போம், பேர் வாசிக்க நிப்போம். வெயிலு கூடத் தாங்கிக்கலாம். முன்னுக்கு என்னா நடக்குதுன்னு தெரியாம நிக்கிறோமே, அதுதான் கொடுமை. தண்ணி முடிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா? யாராச்சும் நடந்து வந்து ஒரு வார்த்தை சொன்னா உக்காந்திருப்போம். சொல்ல ஆளில்ல. அதனாலதான் தள்ளினோம்.”

பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை. நான் கயிற்றுக்கு வெளியே நின்று கூட்டத்தைப் பார்த்தேன். அக்கா கூட்டத்துக்குள்ளே நின்று பார்த்தவர்.

அவர் சொன்னது சரிதான் என்பதைப் பின்னர் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டுத்தான் இறக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பலர் நின்றபடியே இறக்கிறார்கள். நாலா பக்கமும் அழுத்தம் வரும்போது நெஞ்சு விரிய முடியாமல் மூச்சு அடைத்துவிடுகிறது. ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஐந்து பேருக்கு மேல் நிற்கும் நிலை வந்தாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் போனால் யாரும் தன் காலால் நடப்பதில்லை, கூட்டம்தான் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறது. பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாததே பல விபத்துகளுக்குக் காரணம். இந்தியாவின் ஹாத்ரஸ் என்ற இடத்தில் 2024 ஜூலை 2ஆம் திகதி ஒரு சமயக் கூட்டம் முடிந்து வெளியேறும்போது 121 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தமிழ்நாட்டில் கரூரில் 2025 செப்டெம்பர் 27ஆம் திகதி ஓர் அரசியல் கூட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 41 பேரை இழந்தோம். இத்தகைய செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் படிகளில் அன்று என்ன நடந்திருக்கலாம் என்று என் உடம்பு நடுங்கும்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு அக்காவைத் தொண்டராக வரும்படி கேட்டேன். உடனே சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து மூன்று நிபந்தனைகள் வைத்தார். விசில் கூடாது. சீருடை போன்ற எதுவும் கூடாது. யாரையும் கையால் தள்ளக் கூடாது. காரணம் கேட்டு நான் அவரைச் சங்கடப்படுத்தவில்லை. விசிலும் சீருடையும் வரிசையும் சேர்ந்து வந்தால் சிலருக்கு அது எந்த இடத்தை நினைவூட்டும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த வருடம் பதினொரு பேர் சேர்ந்தோம். மூன்று நாட்களுக்கு முன் பகல் வெளிச்சத்தில் தேர்ப்பாதை முழுவதையும் நடந்து பார்த்தோம். எங்கே கான் மூடி உடைந்திருக்கிறது, எங்கே மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது, எந்த மண்திட்டு மழைக்கு இளகியிருக்கிறது என்றெல்லாம் குறித்தோம். கொழுந்துக்குப் போகும் பெண்களுக்குத் தெரிந்த இன்னொன்றும் இருந்தது: குளவிக்கூடு. குளவி கொட்டித் தொழிலாளர்கள் உயிரிழப்பது மலையகத்தில் அடிக்கடி கேள்விப்படும் துயரம். தீப்பந்தப் புகையும் வெடிச்சத்தமும் ஒரு கூட்டைக் கலைத்தால் அந்த ஒடுங்கிய பாதையில் சனம் எங்கே ஓடும்? பாதையோரத்து மரமொன்றில் கூடு இருந்ததை ஒரு பெண் காட்டினார். கமிட்டி அந்த இடத்தில் தப்பையும் வெடியையும் நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டது.

பிறகு அக்காவின் யோசனைப்படி, நாங்கள் எல்லோரும் வாசலில் குவிந்து நிற்காமல் பாதையில் திருப்பத்துக்கு ஒருவராகப் பிரிந்து நின்றோம். வாசலில் நடப்பதை முதலாமவர் இரண்டாமவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டாமவர் தன்னைச் சுற்றி நிற்பவர்களுக்கும் அடுத்த திருப்பத்தில் நிற்பவருக்கும் சொல்ல வேண்டும். கயிறு வாசலில் இல்லை. கீழே, சனம் இன்னும் நெருங்காத ரோட்டில் இருந்தது. படியால் ஏறி உள்ளே போகிறவர்கள் அதே படியால் திரும்பாமல் பின்பக்கமாகத் தொழிற்சாலைப் பாதையில் வெளியேற வேண்டும். பிள்ளை மடுவத்து இஸ்தோப்பில் விளக்கேற்றி, வழிதவறிய பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கினோம். சிறு பிள்ளைகளின் முன்கையில் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைப் பேனையால் எழுதிவிட்டோம். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் படியேறும் முன்பே ஒரு வாங்கு போட்டோம்.

இரவு பதினொரு மணியளவில் தேரின் உச்சி மேல் லயத்துக்குக் கிட்ட மின்கம்பியில் இடிபடும் நிலை வந்தது. தேரை நிறுத்திவிட்டார்கள். பனியில் சனம் பின்னாலிருந்து நெருங்கத் தொடங்கியது. அக்கா தன் திருப்பத்தில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். கத்தவில்லை. பக்கத்தில் நிற்பவர்களோடு கதைக்கும் குரலில் சொன்னார். “தேர் கரண்டு கம்பிக்கிட்ட நிக்குது. லைன் நிப்பாட்டினாத்தான் போகலாம். இன்னும் அரை மணித்தியாலம் ஆகும். புள்ளைங்கள உக்கார வைங்க. நகர்ந்ததும் நானே வந்து சொல்றேன்.” சொல்லிவிட்டு வரிசை நெடுகிலும் நடந்து கடைசி ஆள்வரை அதையே சொன்னார். என் கண்முன்னே அந்தக் கூட்டம் தளர்ந்தது. கம்பளியை விரித்து உட்கார்ந்தார்கள். யாரோ வெற்றிலைப் பையைத் திறந்தார்கள். காதில்லாத மிருகம் என்று நான் நினைத்த கூட்டம் அதுதான். தனித்தனியாகக் களைத்தும், குளிர்ந்தும், பிள்ளையைத் தேடிக்கொண்டும் நிற்கிற மனிதர்கள்தான் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை.

இத்தோடு முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் அன்றிரவு இன்னொன்றும் நடந்தது. அதை மறைத்தால் உங்களுக்கு உண்மையாக நான் எழுதியதாக ஆகாது.

தேர் மீண்டும் புறப்பட்டபோது இளைஞர்கள் சிலர் மண்திட்டின் மேலிருந்து வெடி கொளுத்தினார்கள். எங்களுக்குச் சொல்லாமல், எங்கள் தலைக்கு நேரே. நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா கல்லின் மேல் இல்லை. கானுக்குள் குனிந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் நின்ற சிலர் சிரித்தார்கள். வேடிக்கை என்று எண்ணியிருக்கலாம்.

நான் கானில் இறங்கி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடவில்லை. “அக்கா, இது திருவிழா வெடி. நாம தோட்டத்துல இருக்கோம். உங்க புள்ளைங்க மடுவத்துல இருக்காங்க” என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரலும் நடுங்கியது. இந்த ஆபத்தைப் பற்றி நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். போரில் வாழ்ந்த ஒருவரைத் திருவிழாவுக்கு அழைத்துவந்துவிட்டு, குளவிக்கூட்டைத் தேடிய நான் வெடியைத் தேடவில்லையே!

பத்து நிமிடம் கழித்து அவர் தலையை நிமிர்த்தினார். “வீட்டுக்குப் போவோமா அக்கா?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “வேணாம். மடுவத்துல போய் புள்ளைங்களோட இருக்கேன்” என்றார். விடியும்வரை அங்கே இருந்தார். வழிதவறி வந்த நான்கு பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, அவர்களில் இருவரை மடியிலேயே தூங்கவும் வைத்துவிட்டார்.

அடுத்த வருடம் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவராகவே வந்தார். “வெடி வேணாம்னு சொல்ல மாட்டேன் மிஸ். அது புள்ளைங்களுக்குச் சந்தோசம். எங்க வெடிப்பாங்க, எத்தனை மணிக்கு வெடிப்பாங்கன்னு முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்க. தெரிஞ்சு கேட்டா அது சத்தம் மட்டுந்தான்.” கமிட்டியிடம் சொன்னோம். அன்று முதல் எங்கள் தோட்டத்தில் வெடிக்கென்று விளையாட்டு மைதானத்தில் ஓர் இடமும் ஒரு நேரமும் உண்டு. ஐந்து நிமிடத்துக்கு முன்பு ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். இதய நோயாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும் அதற்காக எங்களுக்கு நன்றி சொன்னார்கள்.

2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் கோயிலுக்கு வரும் பைகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. பெண்களின் பைகளைச் சோதிக்கும் பொறுப்பு எங்களிடம் வந்தது. அடுத்தவர் பைக்குள் கைவிட்டுத் துழாவும் வேலையைத் தான் செய்ய மாட்டேன் என்றார் அக்கா. சோதனை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. “நீங்களே தொறந்து காட்டுங்கம்மா, நான் வெளிச்சம் புடிக்கிறேன்” என்று டோர்ச்சோடு நின்றார். சோதனை குறைவில்லாமல் நடந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

இந்த அனுபவம் எங்களை நல்லதண்ணிக்கும் கொண்டுபோனது. சிவனொளிபாத மலை யாத்திரைக்காலம் மார்கழிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி வெசாக் பௌர்ணமிவரை நடக்கும். 2,243 மீற்றர் உயரமான அந்த மலைக்கு ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்து ஏறுகிறவர்கள் ஏராளம். புத்தரின் பாதம் என்று சிங்கள மக்களும், சிவனின் பாதம் என்று நாமும், ஆதாமின் பாதம் என்று முஸ்லிம் மக்களும் போற்றும் மலை அது. சூரியோதயத்தைப் பார்க்க எல்லோரும் ஒரே நேரத்தில் உச்சியை அடைய விரும்புவதால், போயா நாட்களிலும் வார இறுதிகளிலும் உச்சிக்குக் கிட்டப் படிகளில் மணிக்கணக்காக நிற்க நேரிடும். எங்களில் சிலர் இரண்டு பருவங்களில் அடிவாரத்தில் நின்று தண்ணீர் கொடுத்தோம், பொலித்தீன் பொறுக்கினோம். வரிசையில் நிற்பவர்களிடம் தமிழிலும் சிங்களத்திலும் “மேலே இவ்வளவு நேரம் நிற்க வேண்டும், பிள்ளைக்குக் குளிருடுப்பு இருக்கிறதா?” என்று சொல்லிவிடுவதையும் ஒரு வேலையாகச் செய்தோம். வெள்ளை உடுத்த ஒரு சிங்களப் பாட்டி அக்காவின் கன்னத்தைத் தடவி ஏதோ வாழ்த்தினார். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா அதிகம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “அந்தம்மா எங்க அம்மா மாதிரியே இருந்தாங்க” என்றார்.

தொண்டர் சேவை நமக்குப் புதியதல்ல. இருபத்தைந்து நாட்கள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவில் சாரணர்களும் முதலுதவிப் படையினரும் வெயிலில் நிற்பதை வடபகுதி வாசகியர் பார்த்திருப்பீர்கள். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவிலும் அப்படித்தான். கடல் கடந்த நாடுகளிலும் இது உண்டு. இங்கிலாந்தில் வாழும் என் பல்கலைக்கழகத் தோழி, கிளாஸ்டன்பரி என்ற கிராமப்புறத்து இசை விழாவில் ஒக்ஸ்பாம் நிறுவனத்தின் தொண்டராக நின்றவள். பண்ணை நிலத்தில் கூடாரமடித்து நாட்கணக்கில் நடக்கும் அந்த விழாவில் தொண்டர்கள் முறைவைத்து வேலை செய்வார்களாம். நுழைவுச்சீட்டு வாங்கத் தேவையில்லை, சாப்பாடு உண்டு, முறை முடிந்தால் பாட்டுக் கேட்கலாம். அவர்களின் உழைப்புக்கு விழா நடத்துபவர்கள் தரும் பணம் அந்த நிறுவனத்தின் நற்பணிகளுக்குப் போகிறது. அதைக் கேட்ட எங்கள் பெண்கள் சிரித்தார்கள். “அங்க முறை மாறி ஓய்வு குடுக்குறாங்களாமே!” என்பதுதான் அவர்களுக்கு அதிசயமாக இருந்தது.

அந்தச் சிரிப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. சேவை என்ற பெயரில் பெண்ணின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்வது நம்மிடம் பழகிப்போன விடயம். விடியும்வரை நின்றவர் காலையில் மலைக்குப் போகாவிட்டால் அவருக்கு அன்றைய பேர் போய்விடும். ஆகவே நாங்கள் சில விடயங்களைக் கேட்டு வாங்கினோம். ஒருவர் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இரவுச் சாப்பாடும் சுடுதேநீரும் வேண்டும். வீடுவரை கொண்டுபோய் விட ஆள் வேண்டும். எந்தப் பெண்ணும் தனியாக ஒரு திருப்பத்தில் நிற்கக் கூடாது, இருவராகவே நிற்க வேண்டும். இவை கிடைத்தன. கமிட்டியில் இடம் கேட்டோம். அது முழுமையாகக் கிடைக்கவில்லை. இப்போது இரண்டு பெண்களைக் கூட்டத்துக்கு அழைக்கிறார்கள். பின்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் விடயம் தெரிய வேண்டும் என்பதை அவர்களுக்கும் ஒரு நாள் புரியவைப்போம்.

சகோதரிகளே, உங்கள் ஊர்த் திருவிழாவில் இப்படியொரு வேலைக்கு நீங்கள் போக விரும்பினால் சில விடயங்களை நினைவில் வையுங்கள். பகலில் இடத்தைப் பார்த்துவிடுங்கள். வெளியேறும் வழி எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிஸுக்கு 119. இந்த இலக்கங்களை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருங்கள். நெரிசலில் நீங்களே அகப்பட்டால் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து, மூச்சுவிட இடம் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த செருப்பை எடுக்கக் குனியாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தை எதிர்த்து நிற்காமல் ஓரமாகச் சரிந்து சரிந்து வெளியே வாருங்கள்.

கூட்டத்தைக் கண்டாலே நெஞ்சு அடைக்கிறது என்கிற சகோதரிகளும் இதை வாசிப்பீர்கள். உங்களை யாரும் வற்புறுத்தக் கூடாது. நீங்களும் உங்களை வற்புறுத்த வேண்டாம். விருப்பம் வரும் நாளில் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது, பிள்ளைகளின் இடம் இருக்கிறது, செருப்புப் பார்க்கும் இடம் இருக்கிறது. உங்களை நம்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அதில் வெட்கமில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. உங்களை வரிசைகளில் நிறுத்தினார்கள். காரணம் சொல்லாமல் காக்க வைத்தார்கள். அதனால் வரிசையின் நடுவில் நிற்பவரின் மனம் உங்களுக்குத் தெரியும். பட்டம் படித்த எனக்கு அது தெரியவில்லை. அந்த அறிவு கிடைத்த விதம் கொடியது. யாருக்கும் அப்படிக் கிடைக்கக் கூடாது. கிடைத்துவிட்ட அறிவை நாலு பேருக்கு நிழலாக்கலாம் என்று அக்கா எனக்குக் காட்டினார்.

சென்ற திருவிழாவில் ஒரு புதிய பெண் தொண்டராக வந்தாள். கையில் மஞ்சள் பட்டியைக் கட்டிவிட்டு, “நான் என்னா செய்யணும் மிஸ்?” என்று கேட்டாள். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவளைத் தன் திருப்பத்துக்கு அழைத்துப் போய்விட்டார்.

“முன்னுக்கு என்னா நடக்குதுன்னு பார்த்துக்க. பின்னுக்கு நடந்து போய்ச் சொல்லு. அவ்வளவுதான் வேலை” என்று சொல்லிக்கொண்டே போனார்.